கைவேலை மேசை: மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் செய்து பார்க்கும் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களைத் திண்ணையில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் "ப்ரோக்ராமில் என்ன தப்பு என்று சொல்லுங்கள்" என்று முடிகின்றன. ப்ரோக்ராமையும் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருக்கிறார்கள். ஆனால் விவரத்தைப் படித்தால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது. அடாப்டரில் இருக்கிறது, கிரவுண்டு வயரில் இருக்கிறது, சரியாகப் பற்றாத ஒரு துளி ஈயத்தில் இருக்கிறது. மாயவரத்தில் என் அப்பா ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எந்த செட் வந்தாலும் உதவிப் பையன்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சப்ளை வருதா? மீட்டர் வச்சுப் பார்த்தியா?" என்பதுதான். பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்த 24 வருஷமும் நானும் அதையேதான் கேட்டேன். இந்த மாதப் பதில்களிலும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பொங்கலுக்குச் சேர்ந்த காசில் எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆசை. 37 சென்சார்கள் அடங்கிய பெட்டி ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா? (மாணவர், அருப்புக்கோட்டை)

பதில்: அந்தப் பெட்டி இப்போது வேண்டாம் தம்பி. அதில் ஆறேழு சென்சாரைத்தான் நீ தொடுவாய், மிச்சமெல்லாம் அப்படியே கிடக்கும். முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கு. விலை குறைந்ததே போதும். இரண்டு முனையையும் தொட வைத்தால் 'பீப்' என்று சத்தம் வருகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள். வயர் அறுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்தச் சத்தம்தான் உனக்குத் துணை. அப்புறம் பற்ற வைக்காமலே பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் வயர் ஒரு கட்டு, 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வகைக்குப் பத்து, சிவப்பு எல்இடி பத்து, புஷ் பட்டன் நாலு, வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் இரண்டு, பிசி547 டிரான்சிஸ்டர் ஐந்து. வீட்டில் யாராவது சென்னைக்குப் போனால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகச் சொல்லாதே, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடாதே. மூன்று பென்டார்ச் செல்லை வரிசையாகப் போட்டால் 4.5 வோல்ட். அதில் 220 ஓம் ரெசிஸ்டரையும் சிவப்பு எல்இடியையும் தொடராக இணை. இப்போது மீட்டரை வோல்ட்டில் வைத்து மூன்று இடத்தில் அள. எல்இடியின் இரண்டு காலுக்கு நடுவில் 2 வோல்ட்டுக்குப் பக்கமாக வரும். ரெசிஸ்டருக்கு நடுவில் 2.5 வோல்ட்டுக்குப் பக்கமாக வரும். இரண்டையும் கூட்டு, செல் தரும் வோல்ட் அப்படியே வந்துவிடும். 2.5-ஐ 220 ஆல் வகுத்தால் சுமார் 11 மில்லி ஆம்பியர். 220 ஓமை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போடு, அப்புறம் 10 கிலோ ஓம் போடு. வெளிச்சம் குறையும், ஆனால் அறையை இருட்டாக்கினால் 10 கிலோ ஓமிலும் எரிவது தெரியும். பாடப் புத்தகத்தில் ஓம் விதியை ஒரு வரியில் படித்திருப்பாய். கையால் அளந்து பார்த்தபின் அது உனக்கு மறக்காது.

அதற்கு அப்புறம் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 வாங்கு. நீ எழுதும் ப்ரோக்ராமின்படி விளக்கு, சென்சார் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு அது. ஆர்டுயினோ போர்டுகளை 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்றுதான் உருவாக்கத் தொடங்கினார்கள். ஆகவே பயம் வேண்டாம். அதன் மூளை 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ப்ரோக்ராமுக்கு 32 கிலோபைட் இடம் இருக்கிறது. நீ செய்யப் போகும் வேலைகளுக்கு இது ஏராளம். ஒன்றை மட்டும் மனதில் வை. அதன் ஒரு பின்னிலிருந்து, அதாவது வயர் செருகும் ஒரு துளையிலிருந்து, 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. எல்இடி எரியும், மோட்டார் சுற்றாது. மோட்டாரை நேராகப் பின்னில் மாட்டினால் அந்தப் பின் போய்விடும். பின் தாங்காத சுமையை டிரான்சிஸ்டர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் பிசி547 100 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும், மோட்டாருக்கு அதைவிடப் பெரிய டிரான்சிஸ்டர் வேண்டும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்று செய்தேன். அழுத்தாமலே, கையைப் பக்கத்தில் கொண்டு போனாலே எரிகிறது. சில சமயம் யாரும் தொடாமலே மினுக்குகிறது. (ஏழாம் வகுப்பு மாணவி, தேனி)

பதில்: பாப்பா, உன் போர்டில் ஒரு குறையும் இல்லை. பட்டனை அழுத்தாதபோது அந்தப் பின் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சலனம் உன் உடம்பில் லேசாக எப்போதும் இருக்கும். அதைக்கூட அந்தப் பின் 'சிக்னல்' என்று எடுத்துக்கொள்கிறது. பின்னை ஏதாவது ஒரு பக்கம் கட்டிப் போட வேண்டும். பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மறு காலைக் கிரவுண்டிலும் மாட்டு. ப்ரோக்ராமில் அந்தப் பின்னை 'இன்புட் புல்-அப்' என்று அறிவித்துவிடு. சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இனி அழுத்தினால் 0, விட்டால் 1. முன்பு இருந்ததற்குத் தலைகீழ், அதைப் ப்ரோக்ராமிலும் மாற்றிக்கொள்.

கேள்வி: வீட்டு 1 எச்பி மோட்டாருக்கு ஆர்டுயினோ, ரிலே மாட்யூல் வைத்துத் தானியங்கி செய்தேன். மேல்தொட்டி மூடியில், தண்ணீர் மட்டத்தை ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் சில சமயம் போர்டு ரீசெட் ஆகிறது. போன வாரம் தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை. ரிலேயில் உள்ள சின்ன விளக்கு அணைந்துதான் இருந்தது. ப்ரோக்ராமை இணைத்திருக்கிறேன். (வாசகர், திருப்பூர்)

பதில்: ஐயா, விளக்கு அணைந்திருந்தது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். ஆர்டுயினோ 'நிறுத்து' என்று சொல்லிவிட்டது. அது சொன்னபடி மோட்டார் லைனைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்சான ரிலேயால் நிறுத்த முடியவில்லை. உள்ளே இருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளும் உருகி ஒட்டிக்கொண்டன. ப்ரோக்ராமை எத்தனை முறை திருத்தினாலும் ஒட்டிய உலோகம் விலகாது.

அந்த நீலப் பெட்டி ரிலேயில் '10 ஆம்பியர் 250 வோல்ட்' என்று அச்சடித்திருப்பார்கள். அது பல்ப், ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. 1 எச்பி என்பது 746 வாட், ஆனால் இழப்பெல்லாம் சேர்த்து மோட்டார் சுமார் 1,100 வாட் இழுக்கும். ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான். கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு, அதாவது 30 ஆம்பியர் வரை பாயும். ஒவ்வொரு முறையும் ரிலேயின் முனைகளில் தீப்பொறி பறக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உருகும், ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இதே தவறு நடந்தது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடி, சம்ப் காலியாகி, காலையில் மோட்டாரின் காயில் கருகிக் கிடந்தது. அன்றைக்கு அதைக் கையில் பிடித்துப் பார்த்தபோது பட்ட வருத்தத்தினால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வழி என்னவென்றால், சின்ன ரிலே மோட்டாரைத் தொடவே கூடாது. மோட்டாருக்கென்று ஒரு கான்டாக்டர், அதாவது கனத்த சுமையைத் தாங்கும் பெரிய ரிலே, போடுங்கள். 230 வோல்ட் காயில் உள்ளதாகக் கேளுங்கள். சின்ன ரிலே அந்தக் காயிலை மட்டும் போட்டு நிறுத்தட்டும். கான்டாக்டரின் கனத்த முனைகள் மோட்டாரைத் தாங்கும். கான்டாக்டர் காயிலும் நிறுத்தும்போது பொறி கிளப்பும். ஆகவே ரிலே முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும், எக்ஸ்2 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராகப் போடச் சொல்லுங்கள். உங்கள் போர்டு ரீசெட் ஆவதற்கும் அந்தப் பொறிதான் முக்கியக் காரணம். பொறி என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. பக்கத்தில் ஓடும் வயரிலெல்லாம் அதன் சத்தம் ஏறும். 230 வோல்ட் வயரையும் 5 வோல்ட் வயரையும் ஒரே குழாயில் விட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் படத்தில் தெரிகிறது. உடனே பிரியுங்கள். 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய போன் சார்ஜர் என்றால் மாற்றிவிடுங்கள். மாற்றும் முன், மோட்டார் கிளம்பும் நேரத்தில் போர்டின் 5 வோல்ட் பின்னில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 4.5-க்குக் கீழே ஒரு தடவை இறங்கினாலும் அந்த சார்ஜர் இந்த வேலைக்கு ஆகாது.

சென்சார் விஷயம். தொட்டிக்குள் எப்போதும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். திறந்த கண் உள்ள அல்ட்ராசோனிக் சென்சாரின் வலையில் நீர்த்துளி படிந்தால் அளவு தாறுமாறாகும். மூடிய கண் உள்ள நீர்புகா வகை வாங்கலாம், ஆனால் 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அதால் அளக்க முடியாது. தொட்டி நிறையும் கடைசி நேரத்தில்தான் உங்களுக்கு அளவு வேண்டும், அங்கேதான் அதற்குக் கண் தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டு மிதவை ஸ்விட்ச் போதும், மேலே ஒன்று, கீழே ஒன்று. பழைய சாமான்தான், ஆனால் நம்பலாம். மாடியிலிருந்து வரும் நீள வயருக்குச் சிப்பின் உள் ரெசிஸ்டர் போதாது, வெளியே 1 கிலோ ஓம் போடுங்கள். சம்ப்பிலும் ஒரு மிதவை இருக்கட்டும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடக் கூடாது. ப்ரோக்ராமில் ஒரே ஒரு மாற்றம்: தொட்டி நிறைய 25 நிமிஷம் ஆகும் என்றால் 35 நிமிஷத்தில் எது எப்படி இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

230 வோல்ட் பக்கத்து வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அறுக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால், இந்தத் தானியங்கிக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

கேள்வி: புது ஆர்டுயினோ போர்டை லேப்டாப்பில் மாட்டினால் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குப் போர்டு தெரியவில்லை. போர்டு பழுதா? (வாசகர், காரைக்கால்)

பதில்: முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் போட மட்டும் என்று வரும் கேபிள்களில் இரண்டு வயர்தான் இருக்கும், தகவல் போகும் மற்ற இரண்டும் இருக்காது. விளக்கு எரியும், பேச்சு வராது. வேறு கேபிளிலும் வரவில்லை என்றால் போர்டில் யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் உள்ள சிப்பில் 'சிஎச்340' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கான டிரைவர் ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும். கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் செய்யுங்கள்.

கேள்வி: நாட்டுக்கோழி முட்டைக்கு இன்குபேட்டர் செய்திருக்கிறேன். இரண்டு மணிக்கு ஒரு முறை முட்டையைத் திருப்ப மோட்டார் இருக்கிறது. இரண்டு ஈடு நன்றாகப் பொரித்தன. மூன்றாவது ஈட்டின் எட்டாம் நாள் அந்த மோட்டார் நிற்காமல் திருப்பிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிட்டது. அதற்கு அப்புறம் பிரச்சினை இல்லை. ப்ரோக்ராம் இணைப்பில். (விவசாயி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் ஐயா. நாள் கணக்கை விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் விடை உடனே கிடைத்தது. இங்கே சப்ளையில் குறை இல்லை. இந்த ஒரு கடிதத்தில் மட்டும் தப்பு ப்ரோக்ராமில்தான்.

ஓர் ஈட்டுக்கு 21 நாள். இரண்டு ஈட்டுக்கு 42. மூன்றாவதில் எட்டாம் நாள் என்றால், கரண்ட் கொடுத்து 49 நாள் முடிந்து ஐம்பதாவது நாள் நடக்கிறது. நடுவில் நீங்கள் பெட்டியை அணைக்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஆர்டுயினோவில் 'மில்லிஸ்' என்பது கரண்ட் வந்ததிலிருந்து எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்று எண்ணும். அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கிறது. அதில் அடங்கும் பெரிய எண் 4,294,967,295. அதை நாளாக மாற்றினால் 49 நாள், 17 மணி, சொச்சம். அதற்கு அப்புறம் மறுபடி 0-விலிருந்து தொடங்கும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-க்கு அப்புறம் 0-வுக்கு வருகிற மாதிரி.

உங்கள் ப்ரோக்ராமில் "இப்போதைய நேரத்தோடு 72 லட்சத்தை (இரண்டு மணி நேரத்துக்கான மில்லி செகண்டு) கூட்டி, அடுத்த திருப்பும் நேரம் என்று வை. இப்போதைய நேரம் அதைத் தாண்டினால் திருப்பு" என்று இருக்கிறது. ஐம்பதாவது நாளில், கடைசி இரண்டு மணிக்குள், அப்படிக் கூட்டியபோது விடை எல்லையைத் தாண்டிச் சுற்றிச் சின்ன எண்ணாகிவிட்டது. இப்போதைய நேரமோ மிகப் பெரிய எண். ஆகவே 'தாண்டிவிட்டது' என்ற பதில் ஒவ்வொரு முறையும் வந்தது, மோட்டார் திருப்பிக்கொண்டே இருந்தது. மில்லிஸ் 0-வுக்கு வந்தபின் எல்லாம் ஒழுங்கானது. திருத்தம் ஒரே வரி. கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள். "இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாகத் திருப்பிய நேரத்தைக் கழித்தால் 72 லட்சமோ அதற்கு மேலோ வருகிறதா?" என்று கேளுங்கள். இரண்டு எண்ணையும் 'அன்சைன்டு லாங்' என்று அறிவித்திருந்தால், சுற்றி வந்தபோதும் கழித்தல் சரியான விடையே தரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தில் நீல நிற டிஎச்டி11 தெரிகிறது. அதன் வெப்ப அளவு 2 டிகிரி வரை முன்னே பின்னே இருக்கலாம். முட்டைக்கு 37.5 வேண்டும் என்று வைத்துவிட்டு 2 டிகிரி தவறும் சென்சாரை நம்பக் கூடாது. வெள்ளை நிற டிஎச்டி22 அரை டிகிரிக்குள் காட்டும். அதையும் ஒரு நல்ல தெர்மாமீட்டரை முட்டைத் தட்டிலேயே வைத்து ஒத்துப் பாருங்கள். ஆர்டுயினோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தெர்மோஸ்டாட்டை ஹீட்டர் வயரில் தொடராகப் போட்டு 39-க்கு மேல் போனால் அறுக்கும்படி வையுங்கள். உள்ளே இருப்பது உயிர். ஒரு ரிலே ஒட்டிக்கொண்டதற்காக ஓர் ஈடு முட்டை வேகக் கூடாது.

கேள்வி: என் மகன் கல்லூரியில் முதல் வருஷம். படுக்கையறையில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க எலக்ட்ரானிக்ஸ் போர்டுகளில் சால்டரிங் வைக்கிறான். புகை வருகிறது. அதில் ஈயம் இருக்கிறதாமே? வீட்டில் பேரக்குழந்தை வேறு தவழ்கிறாள். (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் ஆபத்து நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. சால்டரிங் அயனின் முனை 350 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் ஈயம் உருகும், ஆவியாகாது. புகை வருவது கம்பிக்குள் இருக்கும் குங்கிலியம் மாதிரியான பிசினிலிருந்து, ஃப்ளக்ஸ் என்பார்கள். அது மூச்சுக் குழாயை உறுத்தும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நல்லதே அல்ல. ஜன்னல் ஓரம் மேசை போட்டு, ஒரு சின்ன ஃபேன் புகையை வெளியே தள்ளும்படி வைத்தால் போதும்.

ஈயம் போவது கையிலிருந்து வாய்க்கு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடாது. மேசையையும் அதன் கீழ்த் தரையையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கினால் தூள் பறக்கும். தவழும் குழந்தை தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைப்பாள். ஆகவே அந்த அறைக்குள் அவள் வரவே வேண்டாம். ஈயம் இல்லாத கம்பியும் கிடைக்கிறது. ஈயம் கலந்த 60/40 கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஈயம் இல்லாதது உருக 220 டிகிரிக்குப் பக்கமாக வேண்டும். பழகுவதற்குக் கொஞ்சம் கஷ்டம். குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கஷ்டத்தைப் படலாம் என்பேன்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, முனையில் ஈயத்தை எடுத்துக் கொண்டுபோய் அப்பாதே. அயன் முனை போர்டின் செம்பையும் பாகத்தின் காலையும் சேர்த்து இரண்டு நொடி தொடட்டும். அப்புறம் கம்பியை முனையில் வைக்காமல் அந்தச் சந்திப்பில் வை. தானாக ஓடிப் பரவி, கால் சுற்றிக் கோபுரம் மாதிரி சரிந்து நிற்கும். உருண்டையாக நின்றால் அது பற்றவில்லை. இன்றைக்கு வேலை செய்யும், மழைக்காலத்தில் விட்டுவிடும்.

கேள்வி: மொட்டை மாடியில் குரோ பேக்குகளுக்குத் தானாகத் தண்ணீர் விட, மண்ணில் குத்தும் இரட்டை முள் ஈரப்பத சென்சார் வைத்தேன். மூன்றே வாரத்தில் ஒரு முள் கருத்துத் தேய்ந்துவிட்டது. தரம் குறைந்ததை விற்றுவிட்டார்களா? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லை சகோதரி, அந்த சென்சாரின் அமைப்பே அப்படி. ஈர மண்ணில் இரண்டு உலோக முள், அவற்றுக்கு நடுவே எப்போதும் ஒரே திசையில் மின்சாரம். முலாம் பூசும் பட்டறையில் நடக்கிற வேலைதான் உங்கள் குரோ பேக்கில் நடந்திருக்கிறது. பாசிட்டிவ் பக்க முள் கரைந்து மண்ணுக்குள் போய்விட்டது. கீரை போட்ட பையாக இருந்தால் அந்த மண்ணைக் கொட்டிவிடுங்கள்.

கெப்பாசிட்டிவ் வகை என்று கேட்டு வாங்குங்கள். அதில் உலோகம் மண்ணைத் தொடாது. ஆனால் அந்தப் பலகையின் வெட்டு விளிம்பு தண்ணீரைக் குடிக்கும். மண்ணில் குத்தும் முன் விளிம்பு முழுவதும் நகப்பூச்சு இரண்டு கோட் அடித்துக் காய வையுங்கள். மேல் பகுதியில் தெரியும் சின்னப் பாகங்களை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். காற்றில் பிடித்தால் ஓர் எண், தண்ணீரில் அமிழ்த்தினால் வேறு எண் காட்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் அந்த எண்கள் வேறு, தென்னை நார்க்கழிவுக்கும் செம்மண்ணுக்கும் வேறு. யாரோ எழுதிய ப்ரோக்ராமில் உள்ள எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையில், உங்கள் விரலுக்குத் 'தண்ணீர் விடணும்' என்று தோன்றும் அன்று சென்சார் என்ன எண் காட்டுகிறதோ, அதுதான் உங்கள் எண்.

பம்ப்பைப் போட்டு நிறுத்த மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வாங்கும்போது ஐஆர்எஃப்இசட்44 என்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும், ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் பாதி திறந்து சூடேறும். நடுவில் 'எல்' வரும் ஐஆர்எல்இசட்44 வேண்டும். ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் நிறையப் பேர் பம்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பம்ப்பின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடையும், வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி போட்டுவிடுங்கள்.

கேள்வி: வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டில் மாடி வெப்பத்தை அளந்து போனுக்கு அனுப்புகிறேன். '9,900 எம்ஏஎச்' (மில்லி ஆம்பியர்-மணி) என்று எழுதிய 18650 செல் ஒரு நாள்கூட வருவதில்லை. (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: அந்த எண் பொய். அந்த அளவுள்ள லித்தியம் செல்லில் நல்ல தயாரிப்பே 3,500-ஐத் தாண்டுவது அரிது. பெரிதாக எழுதியிருக்கும் செல்களைத் தொடவே வேண்டாம். அளவு மட்டும் குறைவு என்றால் பரவாயில்லை, பாதுகாப்பும் குறைவு.

வைஃபையோடு விழித்தே இருந்தால் இஎஸ்பி32 சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2,500 எம்ஏஎச் நல்ல செல்லே போட்டாலும் 25 மணி நேரம்தான். 15 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து, அளந்து, அனுப்பிவிட்டுத் தூங்கும்படி எழுதுங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் சிப் 10 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத்தான் குடிக்கும். ஆனால் போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கும், 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டரும் தூங்குவதில்லை. அவை மட்டுமே சில மில்லி ஆம்பியர் குடிக்கும். செல்லுக்கும் போர்டுக்கும் நடுவே மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, தூங்கும்போது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசலாம். தூங்கும்போது மட்டும் அளங்கள். வைஃபை எழும்போது மீட்டரின் வயரிலேயே வோல்ட் விழுந்து போர்டு ரீசெட் ஆகும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோ பரணில் கிடைத்தது. 30 வருஷமாகப் போடவில்லை. ஆர்டுயினோவெல்லாம் செய்து பழகியிருக்கிறேன், நானே சரி செய்யலாமா? இப்போதைக்கு ப்ளக்கில் மாட்டிப் பார்க்கட்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மாட்டாதீர்கள். இந்தப் பதில் கையில் கிடைக்கும் வரை நீங்கள் மாட்டாமல் இருந்திருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அந்தக் கால ஏசி/டிசி செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே நேராக மெயின் லைனின் ஒரு வயரோடு சேர்ந்திருக்கும். ப்ளக்கைத் திருப்பி மாட்டினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். குமிழ் கழன்ற ஒரு தண்டைத் தொட்டாலே போதும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டாக இருந்தாலும் வால்வுகளுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் போகும். அணைத்த பின்னும் ஃபில்டர் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 5 வோல்ட்டில் பழகிய கை இதற்குத் தயாராக இல்லை. அப்பா இந்த செட்டுகளைத் திறந்தால் இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாக ஷாக் பாயக் கூடாது என்பதற்காக.

30 வருஷத்தில் அந்த ஃபில்டர் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும், காகிதக் கண்டென்சர்கள் கசியும். நேராகக் கரண்ட் கொடுத்தால் நல்லபடி இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரும் வால்வும் சேர்ந்து போகும். பழைய மெக்கானிக்குகள் முதலில் சீரீஸ் பல்ப் போட்டுத்தான் பார்ப்பார்கள். 60 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டினால், செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், செட் தப்பிக்கும். எல்இடி பல்ப் இதற்கு ஆகாது, இழை உள்ள பல்ப்தான் வேண்டும். தஞ்சாவூரில் அறுபது தாண்டிய ரேடியோ மெக்கானிக் யாராவது இருப்பார், விசாரியுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ப்ளக் வயரை முழுவதும் சுருட்டிக் கட்டிவிட்டு, பின் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். எந்த வால்வு எந்தக் குழியில் என்று ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். இவ்வளவு வருஷத்தில் அது பொரிந்திருக்கும், துடைக்காதீர்கள், உரிக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதில் உள்ள வால்வு எண்களைப் பார்த்தால் அது ஏசி/டிசி செட்டா, டிரான்ஸ்ஃபார்மர் செட்டா என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.